லேண்ட்லேடி என்கிற உத்தியோகம்

தம்பி,

இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வெட்டிவிடுவாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற வாரம் நீ வந்து, வீட்டை விற்கப் பத்திர ஆபீசில் என்னைக் கையெழுத்துப் போடவைத்து, அப்படியே காரில் ஏற்றிப் பெங்களூருக்கு அழைத்துப் போகப்போகிறாய். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. முட்டி இரண்டும் போன பிறகு இந்த லாஸ்பேட்டை வீட்டில் தனியாகக் கிடந்து யாரை ஆளப்போகிறேன்? பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை உன்னிடம் மறைத்துவைத்திருந்தேன். மாடி விஜயா அதைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். அன்றோடு என் பேச்சு எடுபடாமல் போயிற்று. சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் "லூசு மாதிரி பேசாதம்மா" என்று மடித்துப் பையில் வைத்துவிடுவாய்.

நீ எனக்குக் கொடுத்த பட்டம் ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? மாடியில் போர்ஷன் கட்டி முடித்து, காலேஜ் பெண்கள் மூன்று பேர் பெட்டி படுக்கையோடு குடிவந்த அன்று, நீ ஜிலேபி வாங்கிவந்து என் வாயில் ஒன்றைத் திணித்து, "அம்மா, இனிமே நீ லேண்ட்லேடி!" என்றாய். எனக்கு அந்த வார்த்தை தெரியாது. ஏதோ உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மில்லோடு சரி. ஷிப்டு, ஓவர்டைம், சஸ்பெண்டு. "லேடின்னா பொம்பள. அதுவரைக்கும் தெரியும்" என்றார். அப்புறம் மாடிப் பெண்களில் ஒருத்தியைத்தான் கேட்டேன். அவள் பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி, "வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விடற சொந்தக்காரி, ஆன்ட்டி. ஆம்பளையா இருந்தா லேண்ட்லார்டு" என்றாள். லார்டு என்றால் பிரபுவாம். அதே வீடு, அதே வாசல். ஆம்பளைக்கு இருந்தால் பிரபு, பொம்பளைக்கு இருந்தால் பொம்பள. அடப் போங்கடா என்று சிரித்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டேன்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இந்த ஊரில் அதற்கு எத்தனையோ பெயர் உண்டு. ஹவுஸ் ஓனரம்மா என்பார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் ஓனரக்கா. நாம் முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது அந்த வீட்டுக்காரியை மதாம் என்றுதான் கூப்பிட்டோம். நீயும் மூக்கு ஒழுக அவர் எதிரில் போய் நின்று "பொன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி பிஸ்கெட் வாங்கித் தின்பாய். அந்தப் பெயர்களையெல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கூப்பிடலாம். இந்த லேண்ட்லேடி அப்படியில்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. மாடிப் படியில் நான் கால் வைத்தால் மேலே "ஷ்ஷ், லேண்ட்லேடி" என்று சத்தம் கேட்கும். அடுத்த நிமிஷம் பாட்டு நின்றுவிடும், எல்லாரும் "வாங்க ஆன்ட்டி" என்பார்கள். என் எதிரில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் நீதான். மற்ற எல்லாரும் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

நீயும்கூட அதை இரண்டு விதமாகச் சொல்லுகிறாய், கவனித்திருக்கிறேன். உங்கள் பெங்களூர் வீட்டுக்கு நான் வந்திருந்தபோது ஆசை ஆசையாகக் கருவாடு கட்டிக்கொண்டு வந்தேன். டப்பாவைத் திறப்பதற்குள் நீ ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாய். "அய்யோ அம்மா, கீழ லேண்ட்லேடிக்கு இந்த வாசனையே ஆகாது" என்றாய். அப்போது உன் குரல் தொண்டைக்குள் போய்விட்டது. கை நிறையச் சம்பளம் வாங்குகிற பிள்ளை, ஒரு துண்டு கருவாட்டுக்காகத் திருடன் மாதிரி ஜன்னல் சாத்துகிறான். ஆனால் இங்கே மாடியில் யாராவது விருந்தாளியை அதிக நாள் தங்கவைத்துவிட்டார்கள் என்று நான் புலம்பினால், அதே வார்த்தையை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாய். "நீ லேண்ட்லேடிம்மா. ஸ்ட்ராங்கா பேசு."

நான் எங்கே ஸ்ட்ராங்காகப் பேசினேன்? பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது, வாஸ்தவம். பொம்பளை பெயரில் பதிந்தால் சலுகை உண்டு என்று யாரோ சொல்ல, உன் அப்பா என் பெயரில் பதிந்தார். அதற்காக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் இருந்தவரை அவர் சொன்னவர்களுக்கு வாடகைக்கு விட்டோம். அவர் போன பிறகு நீ சொன்னவர்களுக்கு. வக்கீலுக்கு வேண்டாம், போலீசுக்கு வேண்டாம், கல்யாணமாகாத பையன்களுக்கு வேண்டாம் என்று பெங்களூரிலிருந்தே ஆளைத் தள்ளுவாய். வீடு கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துக் காபி கொடுப்பேன். எல்லாம் பேசிவிட்டு, "பையன ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்பேன். பிடிக்காதவர்களைத் தட்டிக்கழிக்கவும் அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. வீட்டுக்காரர்கள் அப்படிச் சொன்னால் வீடு இல்லை என்று அர்த்தம். வாடகைக்கு வீடு தேடி அலைந்த எல்லாருக்கும் அது தெரியும். காபியைக் குடித்துவிட்டு "சரிங்கம்மா" என்று போவார்கள். மறுபடி ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லை. என் கையில் நிஜமாக இருந்தது மோட்டார் சுவிட்சும் மொட்டைமாடிச் சாவியும்தான்.

விஜயா குடும்பத்தை நீயே பார்த்துத்தான் விட்டாய். புருஷன் ராமலிங்கம், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஒரே பெண் கல்பனா, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். "சின்ன ஃபேமிலி, டீசன்டா இருக்காங்க" என்று சர்டிபிகேட் கொடுத்தாய். நிஜமாகவே தங்கமான மனுஷர் அந்த ராமலிங்கம். பேசவே மாட்டார். நம் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஆறு மாதம் ஆட்டம் காட்டியது. உன்னிடம் சொன்னேன், ஆன்லைனில் ஆள் அனுப்புகிறேன் என்றாய். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமலே கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிவிட்டார். வேனை அரியாங்குப்பம் பக்கம் ஓட்டிப்போகிற நாளில் எனக்கும் சேர்த்துச் சங்கரா மீன் வாங்கிவந்து, மணி அடிக்காமல் கேட்டில் தொங்கவிட்டுப் போவார். சாயங்காலம் ஏரோடிரோமில் பிளேன் இறங்குகிற நேரத்துக்கு மட்டும் மாடி ஜன்னலில் வந்து நிற்பார். தினமும் பார்க்கிற பிளேன்தானே என்று விஜயா கிண்டல் செய்வாள். அவருக்கு மட்டும் அது அலுக்கவேயில்லை.

அவருக்கு வயிற்றில் கட்டி என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். அந்தப் புதன்கிழமை காலையில் விஜயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். எப்போதும் அடுப்படி வரைக்கும் உரிமையாக வருகிறவள், அன்றைக்குப் பின்வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, டாக்டரு வூட்டுக்குக் கூட்டினு போயிடச் சொல்லிட்டாரு."

"அய்யய்யோ. இன்னாடி சொல்ற?"

"ரெண்டு நாளோ மூணு நாளோன்றாரு. மாடிக்கு வேணாம்க்கா, படியில தூக்க முடியாது. கீழ கார் நிறுத்துற எடத்துல ஒரு கட்டில் போட்டுக்குறோம். ஆனதும் ஒடனே எடுத்துடுவோம்க்கா. சொந்தக்காரங்கள ரொம்ப சேக்க மாட்டோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புருஷன் சாகப்போகிறான் என்கிற துக்கத்தைக்கூட ஓரமாக வைத்துவிட்டு, அவனைக் கிடத்த இடம் கேட்கிறாள். வாடகை வீட்டில் சாவு எடுக்க விடமாட்டார்கள் என்று அவளுக்கா தெரியாது? தெரிந்துதான் வந்து நின்றாள், ஓனரக்கா அப்படிப்பட்டவள் இல்லை என்கிற தைரியத்தில். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "போடி பைத்தியம், இதையெல்லாமா கேப்பாங்க, கூட்டினு வா" என்று சொல்லியிருக்கவேண்டும். என் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது.

"பையன ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன் விஜயா."

"சரிங்க்கா" என்றாள். அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாவம்தாம்மா. ஆனா வெள்ளிக்கெழம பார்ட்டி வூடு பாக்க வர்றாங்க. அந்த நேரத்துல வாசல்ல ஒரு பொணம் கெடந்தா எவன்மா வாங்குவான்? நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா இரு. அவங்களே புரிஞ்சுப்பாங்க." உன்மேல் தப்பு சொல்ல எழுதவில்லை தம்பி. உனக்கு அங்கே புது பிளாட்டுக்குப் பணம் கட்டவேண்டும், அது கட்டி முடிய இன்னும் சில வருஷம் ஆகும், அதுவரைக்கும் வாடகை வேறு. எல்லாம் எனக்குத் தெரியும். உன் குரலிலேயே அலுப்புத் தெரிந்தது. "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு உன் தாத்தா போன நாள்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. முத்தியால்பேட்டை வீட்டில் இருந்தோம். மதாமின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதான் சிப்பாயாக, இருந்து செத்தவர். அவருக்கு வந்த பென்ஷனில் அந்த அம்மா கௌரவமாக இருந்தார். கிறிஸ்துமசுக்கு நமக்குக் கேக் வரும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரொட்டியும் சூப்பும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அப்படிப்பட்ட மனுஷி, பெரியாஸ்பத்திரியிலிருந்து உன் தாத்தாவை வண்டியில் கொண்டுவந்தபோது வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அப்புறம் இந்த வூட்டுக்கு ஒருத்தனும் குடிவர மாட்டான். பிரான்சுல எம்புள்ளைய கேக்காம நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று அழுதார். நிஜமாகவே அழுதார். பிரான்சுக்கு அந்தக் காலத்தில் எங்கே போய்க் கேட்பது? உன் தாத்தாவைத் தெருக்குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு பெஞ்சு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிக் கிடத்தினோம். ஜனங்கள் குடத்தோடு வந்து, பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமல் திரும்பினார்கள். "தாத்தா ஏம்மா ரோட்டுல படுத்துருக்காரு?" என்று நீ கேட்டாய். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த வீட்டு வெறி அவருக்குப் பிடித்தது. நாள் பார்க்காமல் ஓவர்டைம் செய்தார். மில்லை மூடியபோது கிடைத்ததை எல்லாரும் வட்டிக்கு விட்டார்கள், ஆட்டோ வாங்கினார்கள். இவர் செங்கல் வாங்கினார். நண்பர்களெல்லாம் "லாஸ்பேட்டையில போய் நரியோட குடித்தனம் பண்ணப்போறியா?" என்று சிரித்தார்கள். "எங்க அப்பா மாதிரி நான் ரோட்டுல கெடக்க மாட்டேன், ஹால்ல கெடப்பேன்" என்று பதில் சொல்வார். கிரகப்பிரவேசத்தன்று பேசுகிற பேச்சா அது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் போனபோது அப்படித்தான் நடந்தது. ஹால் நடுவில், ஃபேனுக்குக் கீழே, ராஜா மாதிரி கிடந்தார். நீ பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஊர்ப்பட்ட ஜனம் வந்தது. நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன், உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் ஞாபகம் வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உன்னை எதிர்த்து விஜயாவிடம் "வா" என்று சொல்லவும் தைரியம் இல்லை. "வராதே" என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் எதுவும் சொல்லாமல் இடத்தை மட்டும் தயார் செய்துவைத்துவிட்டால்? ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், கேட் திறந்திருக்கும், அவர்கள் பாட்டுக்கு இறக்குவார்கள். சாகிற மனுஷனை வாசலிலிருந்து திருப்பியா அனுப்ப முடியும்? "நான் இன்னா பண்ணுவேன், வந்துட்டாங்களே" என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். பெரிய சாமர்த்தியக்காரி என்று நினைப்பு எனக்கு. முட்டி வலியைப் பார்க்காமல் உன் அப்பாவின் பழைய ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினேன். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கார் நிறுத்துகிற இடத்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பின்பக்கத்து மடக்குக் கட்டிலை இழுத்துவந்து போட்டேன். ஹாலிலிருந்த டேபிள் ஃபேனைத் துடைத்து வைத்தேன். ராமலிங்கம் எண்ணெய் போட்ட தாழ்ப்பாளை நீக்கி, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தேன். கல்யாணத்துக்குக்கூட நாம் இரண்டு கதவையும் சேர்த்துத் திறந்ததில்லை. அப்புறம் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

வந்தது கல்பனாவின் ஸ்கூட்டி. நான் துடைப்பத்தை எடுத்துவைக்கக் கதவுக்குப் பின்னால் போயிருந்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டிலேயே நின்று போனில் யாரிடமோ பேசினாள். "இல்லடி, லேண்ட்லேடி ஒத்துக்கல. அம்மா கேட்டாங்க. பையன கேட்டுச் சொல்றேன்னுட்டாங்க. அவ்ளோதான. மாமா வூட்டுக்குத்தான் போறோம், தவளக்குப்பத்துக்கு." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை வருகிறது என்று சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நான் வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் போனை அணைத்தாள்.

"அப்பாவுக்கு வேட்டி சட்டை எடுத்துனு போக வந்தேன் ஆன்ட்டி."

"அப்பா எங்கம்மா?"

"ஆம்புலன்சுல கெளம்பிட்டாங்க ஆன்ட்டி. அரியாங்குப்பம் பாலம் தாண்டியிருப்பாங்க."

சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். ஈரம் காயாத தரை. ஓரம் கட்டின ஸ்கூட்டர். துடைத்து வைத்த கட்டில், ஃபேன். திறந்துகிடக்கிற கேட். அந்தப் பெண் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி லேசாகச் சிரித்தாள் தம்பி. "வூடு பாக்க வர்றாங்களா ஆன்ட்டி? நல்லா க்ளீன் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள்.

இல்லடி கண்ணு, உங்க அப்பாவுக்காகத்தான்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாலம் தாண்டியாயிற்று. இப்போது அதைச் சொன்னால் இந்தப் பெண் என்ன ஆவாள்? திருப்பச் சொல்லிப் போன் பண்ணுவாளா? அந்த உடம்பு இன்னொரு தரம் அவ்வளவு தூரம் தாங்குமா? இதெல்லாம் நான் அப்போதே யோசித்தேனா, அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா என்றுகூடத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை. "ஆமாம்மா" என்றேன்.

அவள் மேலே போய் ஒரு பையோடு இறங்கிவந்து, "வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது கேட்டின் இரண்டு கதவையும் ஒழுங்காகச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். நான் ஆட்டோ பிடித்துத் தவளக்குப்பம் போனேன். விஜயாவின் அண்ணன் வீடு ஜங்ஷனை ஒட்டி இருக்கிறது. முன்னால் பஞ்சர் கடை, பின்னால் ஒற்றை அறை. அறையில் ஐஸ் பெட்டி நுழையவில்லை என்று கடைக்கு வெளியில்தான் ஷாமியானா போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கடலூர் பஸ் ஒவ்வொன்றும் போகும்போது மாலையெல்லாம் ஆடியது. நான் போனதும் விஜயா என்னைக் கட்டிக்கொண்டு, "வந்தீங்களேக்கா, முட்டி வலியோட வந்தீங்களே" என்று அழுதாள். அங்கே இருந்தவர்களிடமெல்லாம் எங்க ஹவுஸ் ஓனரம்மா, தங்கமானவங்க என்று சொன்னாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள். ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா என்று இருந்தது. அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாள். "நெனப்பு தப்புற வரைக்கும் மாடிக்குப் போலாம், மாடிக்குப் போலாம்னே இருந்தாருக்கா. பிளேன் வர்ற நேரமாச்சுன்னாரு. கடைசில பஸ் ஆர்ன் அடிச்சத பிளேன்னு நெனச்சுக்கினாரு."

காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். போகும்போது மாடியைப் பெருக்கித் துடைத்து, சாவியை என் கையில் கொடுத்து, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். உன்னிடம் சொன்னபோது, "அதுவும் நல்லதாப் போச்சும்மா, காலி பண்ண வைக்கிற வேலை மிச்சம்" என்றாய். உன் கணக்கு சரிதான். வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. போர்ட்டிகோவைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். புத்தி சொல்லவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால், சொல்ல என்னிடம் புத்தி ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று வேண்டுமானால் சொல்வேன். உன் வாசலில் யாராவது வந்து நின்று கேட்டால், உண்டு என்றால் உண்டு என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. கேட்டைத் திறந்துவைத்தால் யாருக்கும் புரியாது.

உங்கள் லேண்ட்லேடி நல்லவர்கள்தான். போன தடவை எனக்குக் கொத்தமல்லிச் சட்னி அனுப்பிவைத்தார்கள். பாஷை தெரியாவிட்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார்கள். மதாமும் நல்லவர்தான். நானும் தங்கமானவள் என்று விஜயா சொல்கிறாள். அதனால் நீ இங்கே வரக் காரை எடுப்பதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய் அந்த அம்மாவிடம் கேள். எங்க அம்மா இனிமே எங்களோட இருக்க வர்றாங்க, வயசானவங்க, அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊர்ல இருந்து நாலு பேர் வந்து பாக்கற வரைக்கும் இந்த ஹால்ல படுக்கவெச்சுக்கலாமா என்று கேள். வாடகை பேசும்போது இதை யாரும் பேசுவதில்லை. கேட்க உனக்கு நாக்குக் கூசும். விஜயாவுக்கும் கூசியிருக்கும்.

அந்த அம்மாவின் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான் என்று நீதான் சொன்னாய். "கேட்டுச் சொல்றேன்" என்று சொன்னார்கள் என்றால், சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடு. இரண்டாம் தரம் கேட்காதே. அவர்கள் மேல் கோபப்படவும் வேண்டாம். அவர்களும் அப்புறம் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தை வைத்துக்கொண்டு நிற்பார்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

எந்தப் பதில் வந்தாலும் என்னிடம் உள்ளபடி சொல்லிவிடு. இல்லை என்றாலும் வருவேன். வராமல் எங்கே போகப்போகிறேன்? கையெழுத்துப் போட்டுவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், முட்டி மடங்காது. ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வா. புறப்படுவதற்கு முன்னால் உன் அப்பா கிடந்த இடத்தில், ஃபேனுக்குக் கீழே, சும்மா கொஞ்ச நேரம் படுத்துவிட்டு வருகிறேன். இன்னும் அது என் வீடுதான். அதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

உன் அம்மா